நாலாம் கிளாஸில் துண்டு வாசனை

1

போன சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில், கென்னத் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நாலாம் நம்பர் கிளாஸை முகர்ந்துவிட்டு, மதிப்பெண் தாளில் 'துண்டு' என்று எழுதினேன். ஆங்கில எழுத்தில்தான்.

கென்னத் ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்பது வருடம் அடுத்தவர் கையெழுத்தைப் படித்தே பிழைத்தவர் என்பதால், எங்கள் விஸ்கி கிளப்பில் எல்லாருடைய தாள்களையும் உரக்க வாசிப்பது அவர் வேலை. என் தாளுக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"துண்டு என்பது உங்கள் ஊர்ப் பழமா?"

"இல்லை. தோளில் போடுவது."

அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, தோளில் போடுவது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார். இந்த ஊர்க்காரர்களின் நாகரிகம் அப்படி. நாம் எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் சொன்னாலும், வானிலை அறிக்கை கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார்கள்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபது வருடம். கடலுக்கடியில் எண்ணெய் போகும் குழாய்களில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பிடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கிளப்பில் சேர்ந்து எட்டு வருடம். இந்த எட்டு வருடத்தில் என் தாளில் 'ஹெதர் பூ' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஹெதர் பூ எப்படி மணக்கும் என்பதும் தெரியாது. மலைச்சரிவில் ஊதா நிறமாகப் பூத்திருக்கும், காரில் போகும்போது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் எழுதுகிறாரே என்று எழுதினேன். கணியம்பாடி பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை எழுதிய அதே முறை.

துண்டு என்பதுதான் நான் அந்த மேஜையில் எழுதிய முதல் உண்மை. அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல, சித்திரை மாதம் ஜமுனாமரத்தூர் மலையில் நான் கண்டதைச் சொல்லவேண்டும். இன்னும் எனக்கு அந்தப் பிரமிப்பு அடங்கவில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் இந்த விளையாட்டை விளக்கிவிடுகிறேன்.

ஆறு கிளாஸ். ஆறிலும் விஸ்கி, ஆளுக்கு ஒரு மடக்கு. எது எந்த பாட்டில் என்று ஊற்றியவருக்கு மட்டும் தெரியும். வாசனை ஓடிப்போகாமல் கிளாஸின் மேல் ஒரு சின்னத் தட்டை மூடி வைப்பார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, என்ன வாசனை வந்தது என்று எழுத வேண்டும். பேச்சு கிடையாது. வயிறு நிறைந்திருந்தால் மூக்கு மந்தமாகும் என்பதால் பகலிலேயே, வெறும் வயிற்றில். குடிப்பழக்கம் என்று இதை ஊரில் சொன்னால் குடிப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இதற்குப் பெயர் பிளைண்ட் டேஸ்டிங். யாருடைய கண்ணையும் கட்டுவதில்லை, பாட்டிலின் லேபிளைத்தான் மறைக்கிறார்கள். இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. நாம் எதையும் பார்க்காமல் செய்கிறவர்கள் இல்லை. மோந்து பார்க்கிறோம், தின்னு பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம். கண்ணுக்கு வேலையே இல்லாத காரியத்திலும் ஒரு 'பார்' சேர்ந்தால்தான் நமக்குத் திருப்தி.

எங்கள் வீட்டு முறை வரும்போது ஊற்றுவது என் மகள் இனியா. பத்தொன்பது வயது, கல்லூரியில் வேதியியல். அவள் குடிப்பதில்லை, இந்த வாசனை பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கிறதாம். ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் ஒரே விஸ்கியை இரண்டாம் கிளாஸிலும் ஐந்தாம் கிளாஸிலும் ஊற்றிவிட்டாள். இரண்டாவதுக்கு நான் தொண்ணூற்றொன்று போட்டு 'தேன், பழுத்த அத்தி, நிதானம்' என்று எழுதியிருந்தேன். ஐந்தாவதுக்கு அறுபத்தெட்டு. 'அவசரப்பட்டு செய்தது.'

"அப்பா, இது மார்க் இல்ல," என்றாள் அவளுடைய ஸ்காட்லாந்துத் தமிழில். "இது சும்மா நம்பர்."

3

மாசி மாதம் ஒரு காலையில் கஸ்தூரி போன் செய்தாள். என் மனைவி வளர்மதியின் அண்ணன் ஏழுமலை, ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் தேன் வாங்கி விற்கிறார். கஸ்தூரி அவர் மனைவி. எனக்குத் தங்கை முறை.

மச்சானின் மூக்கைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டியதில்லை. மலையிலிருந்து தேன் டின்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் மூடியைத் திறந்து, குனிந்து, ஒரு மூச்சு. அவ்வளவுதான். வெல்லப்பாகு கலந்திருந்தால் சொல்வார். தேனடை பழுக்குமுன்னே எடுத்துவிட்டார்கள், பத்து நாளில் புளித்துவிடும் என்றால் அதையும் சொல்வார். எந்தப் பூவின் தேன், எந்தச் சரிவு என்பதெல்லாம் கூடுதல் விவரம். எனக்குக் கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போனபோது, வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தவர் காதில் சொன்னார்: "இன்னா மாப்ள, பஸ்ஸுல கடைசி சீட்டா? டீசல் வாட அடிக்குது. நடுவுல ஒரு எடத்துல எறங்கி பஜ்ஜி துன்னுகிறீங்க."

அந்த மூக்கு போய்விட்டது. ஐப்பசியில் ஒரு காய்ச்சல். எழுந்தபோது காப்பி வெறும் சுடுதண்ணீராக இருந்ததாம்.

"டாக்டரு இன்னா சொல்றார்?"

"வந்தாலும் வருமாம், வராமயும் போவுமாம். நாலு காரமான வாசனய தெனம் ரெண்டு வேள மோந்து பாக்க சொன்னாரு. எலுமிச்சம்பழம், கிராம்புனு மூணு மாசம் மோந்தாருண்ணா. இப்ப அதையும் விட்டுட்டாரு."

"அப்ப யாவாரம்?"

"நான் இருமறேண்ணா," என்றாள்.

விஷயம் இதுதான். டின் வந்தால் மச்சான் வழக்கம்போல் குனிந்து மூச்சிழுப்பார். கஸ்தூரி பக்கத்தில் நின்று தானும் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். தேன் சுத்தமாக இருந்தால் ஒரு இருமல். சந்தேகமென்றால் இரண்டு. மலைக்காரர்களுக்கோ, தேன் வாங்கும் வேலூர் கடைக்காரர்களுக்கோ தெரியாமல் இப்படியே மாசி வரை ஓட்டியாகிவிட்டது.

"தையில வந்தது கொஞ்சம்தான், சமாளிச்சிட்டோம். சித்திர பொறந்தா டின்னு டின்னா வரும். எனக்கு வெல்லம் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. கெட்டத வாங்கிட்டா வேலூர்க்காரங்க அடுத்த வருசம் வரமாட்டாங்க. நல்லத வேணாம்னு திருப்பி அனுப்பிட்டா, அந்தக் குடும்பத்தயே திருடன்னு சொன்னாப்ல ஆயிடும். அதான் அவருக்குத் தூக்கமே இல்ல. இந்த பட்டத்தோட கடய மூடிர்லாமான்னு கேக்குறாரு."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வளர்மதி, நான் போனை வைத்ததும் என் அலமாரியைப் பார்த்தாள். அதில் இருபத்திரண்டு பாட்டில்கள்.

"எலுமிச்சம்பழத்துக்கு ஒரு வாசன. உங்க விஸ்கில நாப்பது வாசன இருக்குன்னு எட்டு வருஷமா சொல்றீங்க. கொண்டு போய் அவருக்குக் குடுங்க. உங்க கிளப்பால யாருக்காவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்."

லீவு எனக்கு மட்டும்தான் கிடைத்தது. இனியா ஆறு விஸ்கிகளைச் சின்ன பாட்டில்களில் ஊற்றி ஒன்று முதல் ஆறு வரை எண் ஒட்டினாள். விடைகளைக் கவரில் போட்டு ஒட்டி, பெட்டியின் பக்கப் பையில் வைத்தாள். மாமா முடிக்கும்வரை திறக்கக்கூடாது என்று கண்டிப்பு.

4

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். இளம்பெண். ஆறு பாட்டில்களையும் வரிசையாக மேஜைமேல் நிறுத்தினார்.

"என்ன சார் இது, மருந்தா?"

"விஸ்கி."

"என்ன விஸ்கி?"

"எனக்குத் தெரியாதும்மா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லும்போது நம் முகம் ஏன் இப்படி ஆகிவிடுகிறது என்று தெரியவில்லை.

"லேபிள் எங்க?"

"லேபிள் இல்லாததுதான் இதில் விசேஷம். எது எதுன்னு இந்தக் கவர்ல இருக்கு. நான் தெறக்கக் கூடாது. நீங்க தெறந்து பாத்துக்கலாம், ஆனா எங்கிட்ட சொல்லிடாதீங்க."

அவர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலதிகாரி வந்தார். அவர் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, கண்ணை மூடி யோசித்து, "ஆஸ்பத்திரி," என்றார். பீட் என்கிற கரி மண்ணின் புகையில் காய்ந்த பார்லியில் செய்த விஸ்கிக்கு எங்கள் கிளப்பில் எல்லாரும் எழுதும் வார்த்தை அது. எட்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை அவர் எட்டு நொடியில் கற்றுவிட்டார். அளவு கம்மிதான், போங்க என்றார்கள்.

5

போளூரிலிருந்து மலைப்பாதை பஸ். அடுத்த நாள் பதினோரு மணிக்கு, கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில், டீக்கடை கிளாஸ் ஆறு வாங்கி வரிசையாக வைத்தேன். சின்னத் தட்டுகளால் மூடினேன்.

"பால்ல பல்லி உழாம மூடறாப்ல கீதே," என்றார் மச்சான். பழைய ஆள்தான், பழைய கேலிதான். ஆனால் கிளாஸ்களைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினார். பரீட்சை ஹால் வாசலில் நிற்கும் முகம். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தபோது காதில் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இது பிளைண்ட் டேஸ்டிங் மச்சான். எது எதுன்னு பாக்காம மோந்து பாக்கறது."

"பாக்காம. சரி," என்றார். "ஏ கஸ்தூரி."

கஸ்தூரி கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி வந்து அவர் கண்ணைக் கட்டிவிட்டாள். நான் விளக்க வாயெடுப்பதற்குள் பின்னால் முடிச்சு விழுந்துவிட்டது. எட்டு வருடமாக நான் செய்யும் ஒரு காரியத்தின் பெயரை இவ்வளவு மரியாதையாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. விட்டுவிட்டேன்.

முதல் கிளாஸ். குனிந்தார். ஒரு மூச்சு.

"எரியுது."

"வாசன?"

"மூக்குல மொளகாப்பொடி போட்டாப்ல எரியுது மாப்ள. வாசன ஒண்ணும் இல்ல."

இரண்டு, எரியுது. மூன்று, அதுதான் ஆஸ்பத்திரி விஸ்கி, சுங்கத்துறையே கண்டுபிடித்தது. அதுவும் எரிந்தது, அவ்வளவுதான். அவர் கை தொடையைத் தேய்க்க ஆரம்பித்தது. கஸ்தூரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை தூரம் நாற்பது வாசனைகளைச் சுமந்து வந்து, ஒரு மனிதனுக்கு இல்லாததை ஆறு முறை நிரூபித்துக் காட்டப்போகிறேன் என்று எனக்குத் தோன்றியது. நிறுத்திவிடலாமா என்றேன்.

"வைங்க மாப்ள. ஊத்திட்டீங்க இல்ல."

நாலாம் கிளாஸ். குனிந்தபோது துண்டு மூக்கின்மேல் சரிந்தது. அதை ஏற்றிவிடக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கை பாதி வழியில். மூச்சை இழுத்தார். இன்னொன்று, நீளமாக.

"வெந்தயம்," என்றார்.

நான் மதிப்பெண் தாளைப் பார்த்தேன். எட்டு வருடத்தில் யாரும் வெந்தயம் எழுதியதில்லை.

"மொள கட்ன வெந்தயம். கொஞ்சம் கசப்பு. வெயில்ல காஞ்ச துணி." குரல் மாறிக்கொண்டே போனது. "மாப்ள, இத்த யாரு விஸ்கில போட்டது?"

கஸ்தூரி தட்டைக் கீழே வைத்தாள். "விஸ்கி இல்லீங்க. துண்டு."

"இன்னா?"

"உங்க சக்கரைக்கு வெந்தயம் மொள கட்டி வெக்கிற துண்டு. தோச்சி காயப்போட்டேன். அவசரத்துல அதத்தான் எடுத்தாந்து கட்டிகிறேன்."

நான் துண்டை அவிழ்த்தேன். கிளாஸை மட்டும் நீட்டினேன்: எரியுது. துண்டை நீட்டினேன். அதை இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. தோள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உலகத்தின் மிகச் சிறந்த பீப்பாய்களில் வருடக்கணக்காகக் கிடந்த ஆறு விஸ்கிகள் வரிசையில் நிற்க, ஒரு பழைய ஈரோட்டுத் துண்டு முதல் பரிசு வாங்கியதை நான் பார்த்தேன்.

துண்டை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இதுக்கு எத்தன மார்க்கு போடுவீங்க?"

"நூறு."

"தொண்ணூறு போடுங்க. சரியா அலசல. சோப்பு நிக்குது."

பிறகு நாலாம் கிளாஸை எடுத்து, துண்டைக் கௌரவிப்பதற்காக, ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

6

அடுத்த பதினோரு நாளும் காலையில் கண்கட்டு நடந்தது. விஸ்கியைத் தள்ளி வைத்துவிட்டு, கஸ்தூரியின் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாக நீட்டினோம். என் மதிப்பெண் தாளிலேயே எழுதினேன். முதல் நாள் பத்தில் ஒன்று. மூன்றாம் நாள் பத்தில் மூன்று. மஞ்சள்தூளை முகர்ந்து "மழ வரப்போவுது" என்றார். சீரகத்துக்கு "யாரோ வந்துட்டு போன வூடு" என்றார். தப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஹெதர் பூ எழுதியவன் யாருக்குத் தப்பு போடுவது? ஏழாம் நாள் பெருங்காயம் திறந்தவுடனே எழுந்து ஓடினார். எட்டாம் நாள் காப்பி திரும்பி வந்தது. அன்றைக்கு நாலு டம்ளர் குடித்தார்.

அன்று மாலை இனியா போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"மாமா, நீங்க இப்ப நாறுறீங்களா?"

கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், முகர்வதற்கும் நாறுவதற்கும். அவள் நினைத்தது ஒன்று, வந்தது ஒன்று. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு வழக்கமாக நெஞ்சில் ஒன்று குத்தும். மகள் தமிழை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறாள் என்று. திருத்த ஆரம்பித்தேன்.

மச்சான் என் கையைப் பிடித்தார். "நாறுறேம்மா. நேத்துல இருந்து நல்லா நாறுறேன்."

"சூப்பர் மாமா. கவர் தெறந்துட்டீங்களா? எத்தன கரெக்ட்?"

"ஒண்ணும் கரெக்ட் இல்லம்மா," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு காலத்தில் நாற்றம் என்றால் நறுமணம் என்றுதான் பொருள். பிறகுதான் அந்தச் சொல் கெட்டுப்போனது. தெரியாமலே அவள் அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. நான் திருத்தவில்லை.

7

பன்னிரண்டாம் நாள் முதல் டின் வந்தது. நெல்லிவாசல்நாட்டிலிருந்து சின்னப்பொண்ணு என்கிற அம்மாள், ஷேர் ஜீப்பில் மடியில் டின்னை வைத்துக்கொண்டு வந்திறங்கினாள். பதினைந்து வருடமாக மச்சானுக்குத் தேன் கொடுக்கிறவள்.

சமையலறையில் பத்துக்கு ஏழு வாங்குவது ஒன்று, இது வேறு. கடையில் நான் ஓரமாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். கஸ்தூரி தன் வழக்கமான இடத்தில், மச்சானின் இடது தோளுக்குப் பின்னால் நின்றாள்.

மூடி திறந்தது. மச்சான் குனிந்தார். கஸ்தூரியும் லேசாகக் குனிந்து மூச்சிழுத்தாள். நெற்றி சுருங்கியது.

இருமினாள். ஒன்று.

நான் மூச்சை விட்டேன்.

இரண்டு.

சின்னப்பொண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவேண்டிய நேரம். மச்சான் நிமிரவில்லை. கண்ணை மூடி, டின்னின் விளிம்பில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, பிறகு மூடியைத் தனியாக எடுத்து ஒரு முறை முகர்ந்தார். மலைப்பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனது. அவ்வளவு நேரம் ஆயிற்று.

"கஸ்தூரி," என்றார், திரும்பாமல். "அந்த இருமல் தேனுக்கா, டின்னுக்கா?"

அவள் மறுபடி டின்னை நோக்கிக் குனிந்தாள். அதற்குள் அவரே சொன்னார்.

"தேனு சுத்தம். நாவப்பூ. அதான் அடியில கொஞ்சம் தொவர்ப்பா வர்து. நல்லா பழுத்து எடுத்திருக்கா. டின்னுதான் கடலெண்ண டின்னு. கழுவி இருக்குது, மூடிய சரியா கழுவல." நிமிர்ந்து சின்னப்பொண்ணைப் பார்த்தார். "இன்னாம்மா?"

"ஆமாண்ணே. பழய டின்னு ஓட்டயாப்போச்சி. எண்ண டின்னதான் சாம்பல் போட்டு தேச்சேன்," என்றாள் அவள். "மூடிய புள்ளங்க கழுவிச்சிங்க."

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தராசை இழுத்தார். சின்னப்பொண்ணு இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, கஸ்தூரியிடம் நீட்டினாள். உள்ளே பச்சை இலைகள், முள்ளோடு.

"தூதுவள அண்ணி. ரசம் வெச்சி குடிங்க. தை மாசத்துல இருந்து டின்ன தொறந்தாலே உங்களுக்கு இருமல் வர்துன்னு எங்க மலயில பூரா பேச்சு. ஒரு இருமல்னா வாங்கிக்குவாங்க, ரெண்டுன்னா ரொம்ப ஒடம்பு முடியலபோல, வாங்க மாட்டாங்கன்னு."

சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று என்னால் இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என் மூக்கைப் போலவேதான் என் கண்ணும்.

கஸ்தூரி இலைகளை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். மச்சான் தராசில் டின்னைத் தூக்கி வைத்தார்.

உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. நாங்கள் மூவரும் காத்திருந்தோம். ஒன்றுதான்.